பள்ளி நாளில் பயணம்: சின்னக் குழந்தைக்கு லீவு போடலாமா?

ஆடி பிறந்தால் குலதெய்வம் கோயில். ஆவணியில் தாய்மாமன் வீட்டுக் கல்யாணம். கார்த்திகையில் மாலை போட்ட அப்பாவோடு சபரிமலை. நடுவில் ஆகஸ்டில் லண்டனிலிருந்து அத்தை குடும்பம் வந்து இறங்குகிறது. அவர்களுக்கு அது கோடை விடுமுறை. நமக்கோ காலாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரம். எல்லோருமாகச் சேர்ந்து நாலு நாள் எங்காவது போய்வரலாம் என்று பேச்செடுத்தால், "பிள்ளைக்கு ஸ்கூல் இருக்கே" என்ற இடத்தில் வந்து நிற்கும்.

நம் அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர் பக்கம் பள்ளி விடும் நேரத்தில் கேட் வாசலில் நின்றால் இதுபற்றிப் பலவிதமான பேச்சு காதில் விழும். பேரை எடுத்துவிடுவார்களாம், 75 சதவீதம் வருகை வேண்டுமாம், அபராதம்கூடப் போடுவார்களாம். இவற்றில் எது உண்மை, எது வதந்தி, சட்டம் சொல்லாத இடத்தில் பெற்றோர் எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எல்கேஜி முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள குழந்தைகளை மனதில் வைத்தே இந்த விளக்கங்கள்.

ஊருக்குப் போக லீவு போட்டால் அபராதம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையில் தவறும் பெற்றோருக்கு அபராதம் என்று அந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. எல்கேஜி, யுகேஜி குழந்தைகள் அந்த வயது வரம்புக்குள்ளேயே வருவதில்லை.

அபராதப் பேச்சு வெளிநாட்டிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் பள்ளியின் அனுமதி இல்லாமல் குழந்தையை ஐந்து நாள் சுற்றுலா கூட்டிப் போனால், 2024 ஆகஸ்ட் முதல் ஒரு பெற்றோருக்கு ஒரு குழந்தைக்கு 80 பவுண்டு அபராதம். 21 நாளுக்குள் கட்டாவிட்டால் அது 160 பவுண்டாகிவிடும். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் கணக்கு நான்கு மடங்கு. ஜான் பிளாட் என்பவர் 2015-ல் மகளை அமெரிக்காவின் டிஸ்னி வேர்ல்டுக்குக் கூட்டிப்போனதற்கு அபராதம் விதிக்கப்பட்டு, அந்த வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 'மற்ற நாளெல்லாம் அவள் ஒழுங்காகத்தானே போகிறாள்' என்ற வாதம் கீழ் நீதிமன்றங்களில் எடுபட்டது. 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; பள்ளியின் விதிப்படி வருவதுதான் ஒழுங்கான வருகை என்று சொல்லிவிட்டது. ஜெர்மனியில் இன்னும் கெடுபிடி. 2018-ல் பவேரியா மாநில விமான நிலையங்களில், விடுமுறை தொடங்குவதற்கு முன்பே பிள்ளைகளோடு பயணம் கிளம்பிய குடும்பங்களைப் போலீசார் விசாரித்து அதிகாரிகளுக்குத் தகவல் கொடுத்தார்கள். லண்டன் அத்தை ஆகஸ்டில் மட்டும் வருவதற்குக் காரணம் இங்கிலாந்தின் அந்த அபராதம்தான்.

மாறாக, ஜப்பானின் ஐச்சி மாகாணம் 2023-ல் வேறொரு வழியைத் தொடங்கியது. முன்கூட்டியே சொல்லிவிட்டால், குடும்பத்தோடு வெளியே போய்க் கற்றுக்கொள்வதற்காக ஆண்டுக்கு மூன்று நாள் எடுத்துக்கொள்ளலாம். அது ஆப்சென்ட் ஆகாது. வார இறுதியில் வேலை பார்க்கும் பெற்றோருக்குப் பிள்ளைகளோடு சேர்ந்திருக்க நாள் கிடைப்பதில்லை என்பதை யோசித்துச் செய்த ஏற்பாடு அது. கடையிலும் ஆஸ்பத்திரியிலும் விமான நிலையத்திலும் ஷிப்ட் பார்க்கும் அப்பா அம்மாக்கள் நிறைந்த நம் பகுதிக்கு இப்படி ஒன்று வந்தால் எவ்வளவோ நல்லது.

75 சதவீத வருகை இல்லையென்றால் பாஸ் போட மாட்டார்களா? பேரை எடுத்துவிடுவார்களா?

75 சதவீதம் என்பது சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதுபவர்களுக்கான நிபந்தனையாகப் பேசப்படுவது. இரண்டாம் வகுப்புப் பிள்ளையை அதைச் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை.

பேரை எடுப்பது என்பதற்கு இடமே இல்லை. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்கிறது. 2019-ல் வந்த திருத்தம் 5, 8-ம் வகுப்புகளில் ஃபெயில் போட மாநிலங்களுக்கு வழிவிட்டதே தவிர, நீக்கக் கூடாது என்பதைத் தொடவில்லை. அந்த ஃபெயில் முறையையும், எட்டாம் வகுப்பு வரை தொடர்ந்து தேர்ச்சிதான் என்று தமிழக அரசு 2024 டிசம்பரில் மறுத்துவிட்டது. தனியார் பள்ளியில் 25 சதவீத இடஒதுக்கீட்டில் சேர்ந்த குழந்தையின் பெற்றோர்தான் இதில் அதிகம் பயப்படுகிறார்கள். நாலு நாள் ஊருக்குப் போனதைக் காட்டி அந்தக் குழந்தையையும் வெளியே அனுப்ப முடியாது.

அப்படியானால் எத்தனை நாள் லீவு போடலாம்?

எல்லோரும் கேட்பது எத்தனை நாள் என்றுதான். அதைவிட முக்கியம், எந்த நாட்கள் என்பது.

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலைநாட்கள் வேண்டும் என்கிறது சட்டம். அதில் நாலைந்து நாள் போவதால் பெரிய நஷ்டம் இல்லை என்று தோன்றும். ஆனால் எல்லா நாளும் ஒரே எடை உள்ளவை அல்ல. ஜூனில் பள்ளி திறந்த முதல் சில வாரங்கள், அதிலும் ஒன்றாம் வகுப்புக்கு, விடவே கூடாதவை. குழந்தை புது மிஸ்ஸின் குரலுக்குப் பழகுவதும், பக்கத்தில் உட்காருபவனோடு சிநேகமாவதும், அழாமல் கேட்டைத் தாண்டுவதும் அப்போதுதான். அழுகை அடங்கிய பத்தாம் நாளில் ஒரு வாரம் கூட்டிப்போய்விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விட்டால், அழுகை முதல் நாளிலிருந்து தொடங்கும். இரண்டு பாடத்தைத் தவறவிடுவதைவிட இது பெரிய இழப்பு.

அடுத்தது நம் ஊருக்கே உரிய சங்கதி. தமிழகப் பாடத்திட்டப் பள்ளிகளில் சின்ன வகுப்புகளுக்குப் பாடத்தை மூன்று பருவமாகப் பிரித்திருக்கிறார்கள். இரண்டாம் பருவம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. அதுதான் வடகிழக்குப் பருவமழைக் காலம். ஆயுதபூஜை, தீபாவளி விடுமுறை போக, மழை லீவு வேறு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி அனகாபுத்தூருக்குள் தண்ணீர் வந்ததை மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தன; அரையாண்டுத் தேர்வே தள்ளிப்போனது. புயல் வராத வருடத்திலும் கலெக்டர் அறிவிக்கும் மழை லீவு சில நாளைத் தின்றுவிடும். நாம் செங்கல்பட்டு மாவட்டம். ஆற்றைத் தாண்டினால் காஞ்சிபுரம் மாவட்டம். விமான நிலையத்துப் பக்கம் சென்னை மாவட்டம். இதனால் அண்ணன் படிக்கும் பள்ளிக்கு லீவு, தங்கைக்கு இல்லை என்ற குழப்பமும் உண்டு. இப்படி ஏற்கெனவே குறைப்பட்ட பருவத்தில் நாமாக ஐந்து நாளை எடுத்தால், ஆசிரியர் ஓடிப்பிடித்து முடிக்கும் பாடத்தில் நம் பிள்ளை பாதியில் நிற்கும். நவம்பர் பயணத்தைக் கூடுமானவரை தவிர்த்துவிடுங்கள். சபரிமலைக்கு மாலை போட்ட வீடுகள், அரையாண்டு விடுமுறையையும் ஜனவரி மகரவிளக்குக் காலத்தையும் யோசிக்கலாம்.

நல்ல நாட்கள் எவை என்றால், செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை, டிசம்பர் கடைசியில் அரையாண்டு விடுமுறை, ஜனவரியில் பொங்கல். இவற்றின் முன்னாலோ பின்னாலோ ஒன்றிரண்டு நாளை ஒட்டிக்கொண்டால் வாரம் முழுக்கக் கிடைத்துவிடும். சிபிஎஸ்இ பள்ளிகளின் நாள்காட்டி இதிலிருந்து மாறுபடும். டைரியின் முதல் பக்கங்களில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்திலேயே போய்வந்தால் என்ன? எதற்கு லீவு?

போகலாம். ஆனால் மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் ஊரே கிளம்புகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் இரண்டு இடங்களுக்கும் இ-பாஸ் வேண்டும். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். ரயிலில் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு. திறந்த சில நிமிடத்தில் வெயிட்டிங் லிஸ்ட். ரூம் வாடகையும் ஆம்னி பஸ் கட்டணமும் ஏறிவிடும். கையில் இருக்கிற காசுக்குள் பிள்ளைக்கு மலையைக் காட்ட நினைக்கும் குடும்பம் பள்ளி நாளில் கிளம்புவதைப் பொறுப்பில்லாத காரியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லீவு லெட்டரில் 'காய்ச்சல்' என்று எழுதிவிடலாமா?

இதுதான் எல்லா வீட்டிலும் நடப்பது. இதைத்தான் அழுத்தமாக வேண்டாம் என்கிறேன்.

முதலில் அது நிலைக்காது. ஆறு வயதுக் குழந்தை யானை மேல் உட்கார்ந்து வந்ததை மனதுக்குள் பூட்டி வைக்காது. திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்ததுமே, "மிஸ், நாங்க குற்றாலத்துல குளிச்சோம்" என்று ஆரம்பிக்கும். மிஸ்ஸின் மேஜையில் 'கடும் காய்ச்சல் காரணமாக' என்று அப்பா கையெழுத்துப் போட்ட தாள் இருக்கும். மிஸ் ஒன்றும் சொல்லாமல் விட்டாலும், பின்னால் இருக்கும் பிள்ளை, "உனக்குக் காய்ச்சல்னு சொன்னாங்க?" என்று கேட்கும். அந்த நேரத்தில் குழந்தையின் முகம் சுருங்குவதைப் பார்த்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். இதைத் தடுக்கச் சில வீடுகளில் முதல் நாள் இரவே, "மிஸ் கேட்டா ஜுரம்னு சொல்லணும், என்ன?" என்று ஒத்திகை பார்க்கிறார்கள். பயணத்தில் நாம் ஆசையாக வாங்கிக் கொடுத்த சந்தோஷத்தையெல்லாம் பேசக் கூடாத ரகசியமாக ஆக்கிவிடுகிறோம். ஊர் போய் வந்த கதையை வகுப்பில் சொல்வதுதான் அந்தக் குழந்தைக்குப் பயணத்தின் பாதி. அதைப் பிடுங்காதீர்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. டெங்கு பரவும் மழைக்காலத்தில், ஒரு வகுப்பில் யார் யாருக்குக் காய்ச்சல் என்பதைப் பள்ளி கவனித்தாக வேண்டும். பொய்க் காய்ச்சல் அந்தக் கணக்கைக் கெடுக்கும்.

உள்ளதை எழுதுங்கள். பெரிய லெட்டர் தேவையில்லை. 'எங்கள் குடும்பத்துடன் சொந்த ஊர் கோயில் திருவிழாவுக்குச் செல்வதால், இரண்டாம் வகுப்பு ஆ பிரிவில் படிக்கும் என் மகனுக்கு வியாழன், வெள்ளி இரண்டு நாள் விடுப்பு வேண்டுகிறேன். திங்கள் முதல் வருவான். இந்த நாட்களில் நடக்கும் பாடத்தைத் தெரிவித்தால் வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்.' இவ்வளவுதான். போய்வந்த பிறகு கொடுக்காமல், ஒரு வாரம் முன்னதாகவே வகுப்பாசிரியரிடம் நேரில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் இரவு பத்து மணிக்கு அனுப்பும் செய்தி அவரது தனி நேரத்தில் போய் விழுகிறது. வருகைப் பதிவேட்டுக்கு அது ஆதாரமும் ஆகாது.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. திருவிழாவுக்குப் போகிறோம் என்று உண்மையை எழுதுபவரைத் தலைமையாசிரியர் அறைக்கு வரவழைத்து அரை மணி நேரம் நிற்கவைத்தால், அடுத்த முறை அவரும் காய்ச்சல் என்றுதான் எழுதுவார். அந்தப் பொய்யில் பள்ளிக்கும் பங்கு இருக்கிறது.

விட்ட பாடத்தை எப்படி ஈடுகட்டுவது?

இப்போது நடப்பது இதுதான். ஞாயிறு இரவு ஊரிலிருந்து வந்ததும் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில், "யாராவது நாலு நாள் சி.டபிள்யூ. போட்டோ அனுப்புங்க ப்ளீஸ்" என்று ஒரு செய்தி போகும். பத்துப் பதினைந்து போட்டோ வரும். பாதி மங்கல். தூக்கத்தில் தலை ஆடும் பிள்ளையை உட்காரவைத்து எழுதவைப்பார்கள். பதினொரு மணிக்குப் பிள்ளை பென்சிலோடு சாய்ந்துவிடும். மீதியை அம்மா, குழந்தை எழுத்து மாதிரியே கோணல்மாணலாக எழுதி முடிப்பார். நாற்பது நோட்டைத் தினமும் திருத்தும் ஆசிரியருக்கு அது யார் கையெழுத்து என்பது பார்த்தவுடனே தெரியும்.

நோட்டு நிரம்பும், பாடம் ஏறாது. சின்ன வகுப்பில் எழுதியதைப் பார்த்து எழுதுவது எழுதப் பழகும் பயிற்சி, அவ்வளவே. அந்த நாலு நாளில் வகுப்பில் என்ன புதிதாக வந்தது என்பதை மட்டும் கேட்டு வாங்குங்கள். தமிழில் கொம்புக் குறியா, கணக்கில் கடன் வாங்கிக் கழிப்பதா, ஆங்கிலத்தில் எந்தச் சொற்கள். அந்த ஒன்றிரண்டு விஷயத்தைத் தினம் 15 நிமிடம் வீதம் ஒரு வாரம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் போதும். நோட்டில் நாலு பக்கம் வெறுமையாக இருந்தால் இருக்கட்டும். அதற்கு ஆசிரியரின் சம்மதத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசுப் பள்ளியில் இது சற்று எளிது. 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி வைத்துத்தான் பாடம் நடக்கிறது. மொட்டு நிலையில் இருக்கும் குழந்தை திரும்பி வந்தால், விட்ட இடத்திலிருந்தே பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கவே இன்னும் திணறும் குழந்தை, அது எந்த வகுப்பாக இருந்தாலும், ஒரு வாரம் விட்டால் இரண்டு வாரம் பின்னால் போகும். நன்றாகப் படிக்கும் குழந்தையின் லீவும் திணறும் குழந்தையின் லீவும் ஒன்றல்ல. உங்கள் பிள்ளை எந்தப் பக்கம் என்பதை முதலில் மிஸ்ஸிடம் கேளுங்கள். வருகை, கற்கும் திறன் இவற்றைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று சட்டத்தின் 24-வது பிரிவே சொல்கிறது.

பயணத்திலும் படிப்பு இருக்கிறது, அதற்குப் புத்தகப் பையைத் தூக்க வேண்டாம். கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் அரை மணி நேரம் காத்திருந்தால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய வாசிப்புப் பலகை கிடையாது. 'திருச்சி' என்பதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு 'திண்டுக்கல்'லில் வந்து திக்கும். அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பஸ் நகர்வதற்குள் அதுவே கண்டுபிடிக்கட்டும்.

திங்கள் காலை ஊரிலிருந்து வந்து இறங்கியதும் நேராகப் பள்ளிக்கு அனுப்பலாமா?

ஞாயிறு இரவு திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஏறினால் விடிகாலையில் கிளாம்பாக்கம் வந்துவிடும் என்பது கணக்கு. திங்கள் காலை பரனூர் டோல்கேட்டில் வரிசை நின்றுவிட்டால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். அங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர், தாம்பரம், பல்லாவரம் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் பள்ளி மணி அடித்திருக்கும். குளிக்காமல், சாப்பிடாமல், பஸ்ஸிலேயே யூனிஃபார்ம் மாற்றிய பிள்ளை முதல் பீரியடில் மேஜையில் தலை வைத்துத் தூங்கும். அன்று வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அது இருக்கிறது. சனிக்கிழமை இரவே கிளம்பிவிடுங்கள். முடியாதபோது திங்களையும் சேர்த்தே லீவு எழுதிக் கொடுங்கள்.

லீவு போட்டதற்காகப் பிள்ளையை வெளியே நிறுத்தினால்?

கூடாது. உடல்ரீதியான தண்டனையும் மனரீதியான துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை. லீவு போட முடிவெடுத்தது பெற்றோர். குழந்தையை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்பதில் நியாயமே இல்லை. முதலில் வகுப்பாசிரியரிடமும் பிறகு தலைமையாசிரியரிடமும் பேசுங்கள். சரியாகாவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணும், குழந்தைகளுக்கான 1098-ம் இருக்கின்றன.

பீகார், ஒடிசா தொழிலாளர்களின் பிள்ளைகள் ஒரு மாதம், இரண்டு மாதம் ஊருக்குப் போய்விடுகிறார்களே, அவர்கள் நிலை என்ன?

வாசலில் யாரும் கேட்காத சந்தேகம் இது, கேட்டிருக்க வேண்டியது. பம்மல், நாகல்கேணி தோல் தொழிற்கூடங்களிலும் சுற்றுவட்டாரக் கட்டுமான வேலைகளிலும் இருக்கும் வடமாநிலக் குடும்பங்கள் பல, தீபாவளியை ஒட்டிச் சத் பூஜைக்கு ஊருக்குப் போனால் உடனே திரும்புவதில்லை. இரண்டு நாள் ரயில் பயணம், சம்பளம் இல்லாத லீவு. இவ்வளவு தூரம் போனபின், பார்க்காமல் விட்ட சொந்தங்களையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவார்கள். நம் பிள்ளையின் குற்றாலப் பயணம்போல அவர்களுக்கும் இது ஆண்டுக்கு ஒரு முறை வரும் சந்தோஷம்.

காரணத்தை முன்கூட்டித் தெரிவிக்காமல் 45 நாள் அல்லது அதற்கு மேல் வராத குழந்தையை, பள்ளி செல்லாக் குழந்தை என்று கணக்கில் எடுப்பது நம் நாட்டில் கல்வித் திட்டங்கள் பின்பற்றும் வரையறை. இங்கே கவனிக்க வேண்டியது, 'முன்கூட்டித் தெரிவிக்காமல்' என்பது. கிளம்பும் முன் தலைமையாசிரியரிடம் போகும் ஊர், திரும்பும் மாதம், ஒரு செல்போன் எண் மூன்றையும் எழுதிக் கொடுத்தால் போதும். தமிழில் எழுத அவர்களால் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்தால் பெரிய உதவி.

தாமதமாக வந்தாலும் பள்ளி திருப்பி அனுப்பக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி கல்வியாண்டின் நடுவிலும் சேர்த்துக்கொள்ள மறுக்க முடியாது. ஊரிலேயே தங்கிவிட நேர்ந்தால், 5-வது பிரிவுப்படி இங்குள்ள பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தாமதமின்றித் தர வேண்டும். அது கையில் கிடைக்கத் தாமதமானாலும் அங்குள்ள பள்ளி அதைக் காரணம் காட்டிக் குழந்தையை நிறுத்திவைக்கக் கூடாது. இங்குள்ள பள்ளி மறுத்தால், இங்கே இருக்கும்போதே 14417-ஐ அழைக்கலாம்.